தூக்கிய கால்

நான் மாஸ்டர் இல்லை, அம்மிணி. எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். இடுப்பில் கட்டியிருப்பது வெள்ளை பெல்ட். வெள்ளை என்றால் இன்னும் ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். வயதைப் பார்த்துவிட்டு எல்லாரும் என்னிடம்தான் வந்து, "மேடம், எந்தெந்த நாள் கிளாஸ்?" என்று கேட்கிறார்கள். எனக்கு நாற்பத்தொன்பது. வரிசையில் என் பக்கத்தில் நிற்கிறவளுக்கு எட்டு. இரண்டு பேருக்கும் ஒரே பாடம்.

அப்பாஸ் மாஸ்டர் தொழுதுவிட்டு வருவார். இன்னும் அரை மணி இருக்கிறது. இந்தப் பாப்பாவைத்தான் சேர்க்கப் போகிறீர்களா? பேர் என்ன கண்ணு? நேத்ராவா? சரி. சுவரில் சாயாதே, சுண்ணாம்பு ஒட்டும்.

இதில் சேர்ப்பதா, அதில் சேர்ப்பதா என்று கேட்டீர்கள். நம் ஊரில் கராத்தேக்கு இரண்டே கிளாஸ்தான். பள்ளிக்கூட மைதானத்தில் ஜெயசீலன் மாஸ்டர் நடத்துவது ஒன்று. திங்கள், புதன், வெள்ளி. இந்தப் பழைய பருத்திக் குடோனில் அப்பாஸ் மாஸ்டர் நடத்துவது இன்னொன்று. செவ்வாய், வியாழன், சனி. அது ஷோட்டோகான். இது ஷிட்டோரியூ. கேட்க ஒன்றுபோலவே இருக்கும். என் காது பிரித்துக் கேட்கவே ஒரு மாதம் ஆயிற்று. பார்க்கவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவர்கள் காலை அகட்டித் தாழ்வாக நிற்பார்கள். இவர்கள் கொஞ்சம் ஒடுக்கி உயரமாக நிற்பார்கள். வித்தியாசம் ஒரு செங்கல் நீளம் இருக்கும்.

நான் ஆறு மாதம் இரண்டுக்கும் போனேன். திங்கள் அங்கே, செவ்வாய் இங்கே. அதனால் என்னைவிடச் சரியாகச் சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது. ஆனால் நான் எதற்குப் போனேன் என்று தெரிந்தால்தான் என் பேச்சு உங்களுக்கு உபயோகப்படுமா, படாதா என்று தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் பையன் தீபன், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படித்தான். போன நவம்பரில் காய்ச்சல் வந்தது. நாலு நாள். இருபது வயது.

பரவாயில்லை, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

டிசம்பரில் அவனுடைய ரூம்மேட் பென்னி சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு பை, ஒரு பக்கெட், போன். போனைத் திறக்க எப்படிக் கோடு இழுக்க வேண்டும் என்று பென்னிக்குத் தெரிந்திருந்தது. "ட போடணும் ஆன்ட்டி" என்று காட்டிக்கொடுத்தான். போட்டேன். திறந்தது. உள்ளே ஒரு வீடியோ இருந்தது.

முப்பத்தொரு வினாடி. ஹாஸ்டல் மொட்டை மாடி. சாயங்கால வெளிச்சம். பனியனும் டிராக் பேண்டுமாக தீபன் நிற்கிறான். இடது பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்குகிறான், ஒன்று முகத்துக்கு முன்னால், இன்னொன்று நெற்றிக்கு மேலே. அந்தப் பக்கம் மூன்று அசைவு. வலது பக்கம் திரும்பி அதே மூன்று. ஆறு ஆயிற்றா? பிறகு தலையைப் பின்பக்கம் திருப்புகிறான். வலது காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்குகிறான். அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. கால் மேலே இருக்கிறது. அது கீழே வருவது அதில் இல்லை.

அவன் கராத்தே கற்றுக்கொண்டது எனக்குத் தெரியாது. சொன்னால் திட்டுவேன் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. திட்டித்தான் இருப்பேன்.

அந்தக் கால் எங்கே போய் இறங்கும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவ்வளவுதான், அம்மிணி. அதற்குத்தான் இந்த டிரெஸ், இந்த பெல்ட் எல்லாம்.

முதலில் பென்னியைத்தான் கேட்டேன். எந்த கிளாஸில் கற்றான், என்ன ஸ்டைல், மிச்சம் எப்படிப் போகும்?

"கிளாஸெல்லாம் இல்லீங்க ஆன்ட்டி. ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அண்ணன் இருந்தாரு. சென்னிமலைக்காரர். மாடியில எங்க நாலு பேருக்கும் சொல்லிக்குடுத்தாரு. என்ன ஸ்டைல்னெல்லாம் கேக்கல. கராத்தேன்னாரு, சரீன்னு கத்துக்கிட்டோம்."

"உனக்கு மிச்சம் தெரியுமா?"

"நான் ரெண்டாவது வாரமே நின்னுட்டேங்க. தொடை புடிச்சுக்கிச்சு."

அந்தச் சென்னிமலை அண்ணன் அக்டோபரிலேயே வேலை கிடைத்துப் போய்விட்டாராம். நம்பரும் மாறிவிட்டதாம். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றான் பென்னி. பிறகு மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். நல்ல பையன்.

ஜனவரியில் போனை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ஜெயசீலன் மாஸ்டர் வீடியோவை ஒரு தரம்தான் பார்த்தார்.

"நம்மதுதானுங்க அக்கா. ஹெய்யான் கட்டா, நம்பர் ரெண்டு. பாருங்க, வெயிட்டு பூராவும் பின்கால்ல நிக்குது. இது ஷோட்டோகான்தான். யாருங்க பையன்?"

"சொந்தக்காரப் பையன்" என்றேன்.

கட்டா என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? எதிரில் ஆள் இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டு, வரிசையாகச் செய்கிற அடியும் தடுப்பும். ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு, நம்பர் உண்டு.

மறுநாள் சாயங்காலம் இங்கே வந்தேன். அப்பாஸ் மாஸ்டர் மூன்று தரம் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நம்ம கட்டாதாம்மா. பினான், நம்பர் ஒண்ணு. முன்கால் குதி லேசா தூக்கியிருக்கு பாருங்க. பூனை நிக்கிற மாதிரி. இது ஷிட்டோரியூதான்."

எனக்குக் குதி தெரியவில்லை. அந்த இடத்தில் கைப்பிடிச் சுவரின் நிழல் விழுந்திருந்தது.

நான் தபால் ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். விலாசம் சரியில்லாத கடிதம் வந்தால் இரண்டு ஆபீசும் "இது எங்களுடையது இல்லை" என்று ஒன்றுக்கொன்று தள்ளிவிடும். இரண்டு பேரும் "எங்களுடையது" என்று கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் சிக்கல். பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. இரண்டும் ஒரே கட்டாதான். ஆதியில் ஒன்றாக இருந்து பிரிந்தது. பிரிந்தபோது பேரை மாற்றிக்கொண்டார்கள், நம்பரையும் மாற்றிக்கொண்டார்கள். இங்கே ஒன்றாம் நம்பராக இருப்பது அங்கே இரண்டு. அங்கே ஒன்றாக இருப்பது இங்கே இரண்டு. வீட்டு நம்பரைப் பழையது, புதியது என்று இரண்டாகப் போட்டுத் தபால்காரரைக் கொல்கிறார்களே, அதுபோல.

முதல் ஆறு அசைவும் ஏறக்குறைய ஒன்றுதான். கற்றுக்குட்டி செய்தால் எந்த ஸ்டைல் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏழாவதில்தான் பிரிகிறது. அங்கே, ஜெயசீலன் மாஸ்டரிடம், தூக்கிய காலைப் பக்கவாட்டில் உதைக்க வேண்டும், பாதத்தின் விளிம்பால். இங்கே நேராக முன்னால் உதைக்க வேண்டும். தீபன் தூக்கினான். அதோடு நின்றுவிட்டது.

அதனால் நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தெரியாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? இரண்டிலும் சேர்ந்தேன். இவருக்கு அவரைச் சொல்லவில்லை, அவருக்கு இவரைச் சொல்லவில்லை.

சிரிப்பு வருகிறதா? சிரிக்கலாம். ஆபீஸிலும் சிரித்தார்கள். "மேடம், இனிமே ரிஜிஸ்டர் தபால் லேட்டானா உதைப்பீங்களா?" என்றார்கள். பிள்ளைகள் என்னை "போஸ்ட் ஆன்ட்டி" என்று கூப்பிட்டார்கள். ஒரு வாண்டு கேட்டாள், "போஸ்ட் ஆன்ட்டி, உங்க வூட்டுக்காரர் அடிப்பாரா? அதுக்கா கத்துக்கிறீங்க?"

"அடிக்க மாட்டார் கண்ணு. பேசவே மாட்டார்."

அதோ, தெருவுக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். பேர் நாச்சிமுத்து. மோட்டார் பம்புக் கடையில் வேலை. தினமும் கொண்டுவந்து விடுவார், முடிகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். இந்தத் தெருவில் நாய்த் தொல்லை அதிகம், அதனால்தான். உள்ளே வந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

எனக்கு வருத்தம் என்று ஒன்று இருந்தால் அது அவர்மேல்தான். அந்த வீடியோவை அவர் பார்க்கவே இல்லை. நான் எத்தனையோ தரம் நீட்டியிருக்கிறேன். "அப்புறம் பாக்கலாம்" என்பார். "பக்கவாட்டுல உதைச்சிருப்பானா, முன்னால உதைச்சிருப்பானா, நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டால், "எதுவா இருந்தா என்ன, கோகிலா? சாப்பாடு ஆறுது, வா" என்பார். நான் என்ன பெரிய விஷயமா கேட்டேன்? இரண்டில் ஒன்று. சொல்லியிருக்கலாம்.

ஒருநாள் கூடத்தில் பழகிக்கொண்டிருந்தேன். அந்தக் கூடத்தில் கிடந்த கட்டிலை அவர் எப்போதோ பின்னறைக்கு மாற்றிவிட்டார். வழியில் இடிக்கிறது என்றார், நல்லதாகப் போயிற்று. நான் ஆறாவது அசைவில் நின்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமல், "இடது கையி இன்னுங் கொஞ்சம் மேல இருக்கும்" என்றார். போனை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், தீபனுக்குக் கை இன்னும் மேலேதான் இருக்கிறது. பார்க்காத மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது? குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகிவிட்டது. சில சமயம் அப்படி ஆகும்.

அந்த போன் நல்ல போன், அம்மிணி. கம்பெனிப் பேர் சொல்ல வேண்டாம், விளம்பரம் மாதிரி ஆகிவிடும். நான் அதற்குச் சார்ஜ் போட்டதே இல்லை. என்றைக்கு எடுத்தாலும் நூறு காட்டுகிறது.

ஏப்ரலில் இங்கே ஒன்றாம் நம்பர் சொல்லித்தந்தார்கள். அதாவது தீபனுடையது, முன்னால் உதைக்கிற மாதிரி. அங்கே அது இரண்டாம் நம்பர் இல்லையா? ஒன்றாம் நம்பரைச் செய்துகாட்டி மஞ்சள் பெல்ட் வாங்கினால்தான் இரண்டுக்குப் போகலாம். அது சட்டம். நான் மைதானத்தில் என் வரிசையில் நின்றுகொண்டு, மஞ்சள் பெல்ட்டுக்காரர்கள் பக்கவாட்டில் உதைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தீபன் மெலிந்த பையன், நீளக் கால். பக்கவாட்டில் உதைத்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் அவசரக்காரன். நேராகவும் உதைத்திருப்பான்.

காலை மாற்றி மாற்றி வைத்ததில் இரண்டு இடத்திலும் திட்டு வாங்கினேன்.

"அக்கா, என்ன காலு இப்படிச் சுருங்குது? பஸ் ஸ்டாப்புலயா நிக்கறீங்க? அகட்டுங்க!" என்பார் ஜெயசீலன் மாஸ்டர்.

இங்கே வந்தால் அப்பாஸ் மாஸ்டர், "ஏம்மா இவ்வளவு அகட்டுறீங்க? நாளைக்கு ஒருத்தன் சங்கிலிய அறுத்துட்டு ஓடுனா எந்திரிச்சு ஓட வேண்டாமா?" என்பார்.

என் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. வீட்டில் ஒரு தைலப் பாட்டில் இருந்தது. என் வீட்டுக்காரர் தனக்கென்று வாங்கியது. அவருக்கு முழங்கால் வலி இருப்பதாக எனக்குத் தெரியாது. நான்தான் அதைத் தீர்த்தேன்.

மே மாதம் பென்னி செய்தி அனுப்பினான். அண்ணன் கிடைத்துவிட்டார். சென்னிமலையில்தான் சொந்த வீடு, வாரக்கடைசியில் வருவார், இதோ நம்பர்.

"நம்பர் வேண்டாம் பென்னி, விலாசம் அனுப்பு" என்று பதில் போட்டேன்.

"ஆன்ட்டி, ஒரு போன் போட்டா ரெண்டு நிமிஷ வேலை" என்றான்.

நான் இப்போது யாருக்கும் போன் போடுவதில்லை. காரணம் என்று ஒன்றும் இல்லை. தபால் ஆபீஸில் இருந்துகொண்டு போன் எதற்கு? வீட்டுக்காரரும் எனக்குப் போன் செய்வதில்லை. சிலிண்டர் வந்தால்கூடக் கடையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்து, கவுண்டரில் வரிசையில் நின்று, "சிலிண்டர் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். பெட்ரோல்தான் வீண்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அந்த வீடியோவின் கடைசியில் ஒரு குரல் கேட்கும். எடுத்தவன் பென்னி, தீபனுடைய போனிலேயே எடுத்தான். கால் மேலே போனதும் பென்னி சொல்வான், "டேய் தீபன், உங்கம்மாடா." அதோடு முடிந்துவிடும். போன் வந்தால் வீடியோ நின்றுவிடும் இல்லையா? செப்டம்பர் பதினாலு, சாயங்காலம் ஆறு நாற்பத்திரண்டு. என் போனிலும் அந்த அழைப்பு பதிவாகி இருக்கிறது. ஒரு நிமிஷம் நாலு வினாடி பேசியிருக்கிறேன். ஊருக்கு வரும்போது பழைய ஜமுக்காளத்தை எடுத்துவா, துவைக்க வேண்டும் என்று சொன்னேன். "ஏன்டா மூச்சு வாங்குது?" என்றேன். "படியேறி வந்தேம்மா" என்றான். "மெதுவா ஏறு" என்றேன்.

ஜமுக்காளம் வந்துவிட்டது. பென்னி கொண்டுவந்த பையில் இருந்தது.

சரி, கடிதத்துக்கு வருவோம். சென்னிமலைக்கு எழுதினேன். ஒரே கேள்விதான் கேட்டேன். தம்பி, நீங்கள் தீபனுக்குக் கற்றுக்கொடுத்த கட்டாவில் ஏழாவது அசைவு பக்கவாட்டில் உதைப்பதா, முன்னால் உதைப்பதா? தெரிவித்தால் உதவியாக இருக்கும். கீழே என் பேர். பதில் எழுத ஒரு கவரில் தபால்தலை ஒட்டி உள்ளே வைத்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தபால்தலை எங்கே கிடைக்கும் என்றே தெரியாது.

மூன்று வாரம் பதில் இல்லை. ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நானே பிரித்து அடுக்குகிற தபால்கட்டுக்குள் வந்தது. முத்திரை தெளிவாக விழுந்திருந்தது.

அதைப் பையிலேயேதான் வைத்திருக்கிறேன். படிக்கிறேன், கேளுங்கள்.

"அம்மாவுக்கு வணக்கம். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் மன்னிக்கவும். தீபன் விஷயம் பென்னி சொல்லித்தான் தெரியும். அதனால்தான் உடனே எழுத முடியவில்லை. அம்மா, எனக்குக் கராத்தே முழுசாகத் தெரியாது. ஆறாம் வகுப்பில் நாலு மாதம் போனேன், அவ்வளவுதான். அது என்ன ஸ்டைல் என்று நினைவில்லை. அந்தக் கட்டாவில் எனக்குத் தெரிந்தது கால் தூக்குகிற வரைக்கும்தான். அதற்கு மேல் தெரியாது என்று பசங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நில்லுங்கடா, நான் சொன்னால்தான் இறக்க வேண்டும், இது பேலன்ஸ் டிரெய்னிங் என்று சொல்லிச் சமாளித்தேன். மற்றவர்கள் பத்து எண்ணுவதற்குள் இறக்கிவிடுவார்கள். தீபன்தான் ரொம்ப நேரம் நிற்பான். நான் போதும் என்று சொல்கிற வரைக்கும் நிற்பான். என்னை மன்னித்துவிடுங்கள்."

அவ்வளவுதான் கடிதம். மன்னிக்க என்ன இருக்கிறது, நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறது. கையெழுத்துதான் கோணல்.

ஆக, பக்கவாட்டும் இல்லை, முன்னாலும் இல்லை. அவனுக்கு ஏழாவது அசைவு என்று ஒன்று கிடையாது. அவனுக்கு அது தூக்கிக்கொண்டு நிற்பதுதான்.

வீட்டுக்குப் போய்ச் சமையல் செய்துகொண்டே அவருக்குப் படித்துக்காட்டினேன். "சரி" என்றார். எழுந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். பால் வாங்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். கையில் பால் இல்லை. வீட்டில் பால் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் மஞ்சள் பெல்ட்டுக்குப் பரீட்சை. பேர் கொடுத்தாகிவிட்டது, போகாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது என்று போனேன். வேறு எண்ணம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு எந்த எண்ணமும் இல்லை. பல் துலக்கினேனா என்றுகூட நினைவில்லை.

நாலு நாலு பேராக நிறுத்தினார்கள். என்னோடு மூன்று வாண்டுகள். பெற்றோரெல்லாம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசீலன் மாஸ்டர், "கட்டா நம்பர் ஒண்ணு, ரெடி!" என்று சத்தம் கொடுத்தார்.

அந்த மைதானத்தில் ஒன்று என்றால், இடது பக்கம் திரும்பிக் கையைக் கீழ்ப்பக்கம் தட்ட வேண்டும். மூன்று வாண்டுகளும் கீழே தட்டினார்கள். நான் இடது பக்கம் திரும்பி இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டேன். குடோனில் அதுதானே ஒன்று? தூக்கியபோதே தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இடது பக்கம் மூன்று. வலது பக்கம் மூன்று. தலையைப் பின்பக்கம் திருப்பினேன். வலது காலைத் தூக்கினேன்.

தூக்கிக்கொண்டு நின்றேன்.

வாண்டுகள் தங்கள் வரிசையில் முன்னே போனார்கள், திரும்பினார்கள், கத்தினார்கள், முடித்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். மரத்தடியில் யாரோ, "அந்தம்மாவுக்குக் காலு புடிச்சுக்கிச்சு போல" என்றது கேட்டது. இன்னொருத்தர் சிரித்தார். மாஸ்டர், "அக்கா?" என்றார். மறுபடியும், "அக்கா, என்னாச்சு?" என்றார். யாரும் இறக்கச் சொல்லவில்லை.

தொடை நடுங்க ஆரம்பித்தது. பத்து எண்ணிவிட்டேன். இருபது எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. பக்கவாட்டில் உதைக்க வேண்டுமானால் இடுப்பு விரிந்து கொடுக்க வேண்டும். எனக்கு தீபன் பிறந்ததிலிருந்தே வலது இடுப்பு அவ்வளவு விரியாது. அதனால் முன்னால் உதைத்தேன். அவ்வளவுதான் காரணம், அம்மிணி. வேறு காரணம் சொன்னால் அது பொய்.

கால் கீழே இறங்கியது. செம்மண் கிளம்பியது. அதற்கப்புறம் இன்னும் பத்தொன்பது இருக்கிறது, மொத்தம் இருபத்தாறு. பத்தொன்பதையும் செய்தேன். மைதானத்தில் நான் ஒருத்திதான் செய்துகொண்டிருந்தேன். முடித்தபோது சத்தம் போட வேண்டும். போட்டேன். நாய் ஒன்று எழுந்து ஓடியது.

ஜெயசீலன் மாஸ்டர் கிட்டே வந்தார். "அக்கா, நல்லாப் பண்ணுனீங்க. ஆனா இது அப்பாஸ் பாயோடது. அங்கயும் போறீங்களா?"

"ஆமாங்க."

"ஃபெயில்தான் போட முடியும்."

"போடுங்க" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, "மொதல்ல உக்காருங்க" என்றார். நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன், தரையில். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. எழுந்து பார்த்தேன், என் வீட்டுக்காரர் மைதானத்து வாசலில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றிருந்தார். செருப்பில் கல் ஏறியிருக்கும். நான் கிட்டே போகிற வரைக்கும் அப்படியே நின்றார். "போதும், வாங்க" என்றேன். காலைக் கீழே வைத்தார். வண்டியை எடுத்தார்.

அன்றையிலிருந்து இந்த கிளாஸ் மட்டும்தான். அப்பாஸ் மாஸ்டரிடம் சொன்னபோது, "தெரியும்மா, உங்க கால் பேசுமே" என்றார். அடுத்த மாதம் இங்கே பரீட்சை இருக்கிறது. மஞ்சள் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டேன். எது நல்லது என்றால், இரண்டும் நல்லதுதான். இரண்டு மாஸ்டரும் நல்லவர்கள். ஆரம்பத்தில் ஒன்றும் வித்தியாசம் தெரியாது. ஆறு மாதம் யோசிக்கிற விஷயம் இல்லை இது. என்னால் இப்போது ஒரு நிமிஷத்தில் சொல்ல முடியும்.

நேத்ரா, இங்கே வா கண்ணு. செருப்பைக் கழற்றிவிட்டு நில். அங்கே யாரோ உன்னைப் பிடிக்க வருகிற மாதிரி நினைத்துக்கொள். வலது காலைத் தூக்கு. இன்னும் கொஞ்சம். முழங்கால் வரைக்கும். அப்படித்தான். இப்போது உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி உதை. அவசரமில்லை. பக்கவாட்டில் போனால் மைதானம், முன்னால் போனால் குடோன்.

இருங்கள் அம்மிணி, பிடிக்காதீர்கள். விழமாட்டாள். ஒன்றும் சொல்லாதீர்கள்.

அவளே இறக்குவாள்.